காப்புக் கட்டின கை

அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வெச்சு ஆரம்பிச்ச பஸ்ஸுங்க அது. அந்த ஆளு எம் புருஷன் வீரமலை. இன்னிக்குத் திருச்சி மெயின்கார்டு கேட்ல யாரைக் கேட்டாலும், "சுக்கூர் பாய் கம்பெனியா? ரொம்ப மரியாதைப்பட்ட கம்பெனியாச்சே!"ம்பாங்க. மரியாதையாம், மண்ணாங்கட்டி! அந்த மரியாதை எத்தனை பேரு பல்லைப் பேத்துட்டு வந்துச்சுன்னு எனக்குல்ல தெரியும். நான் செல்லக்கண்ணு, வீரமலை பொண்டாட்டி. ரத்தக் கறைச் சட்டையெல்லாம் கல்லுல போட்டுத் தேய்ச்சவ நான்தான்.

அவருக்கு ஊரு உப்பிலியபுரம் பக்கம், பச்சமலை அடிவாரம். மழை பொய்ச்சு காடு காஞ்சதும் திருச்சிக்கு வந்து, பெரிய கடைவீதியில ஒரு வெல்ல மண்டியில மூட்டை தூக்கினாரு. ஆளு அப்படியொண்ணும் உசரமில்லை. ஆனா வலது கையை மடக்கினா ஒரு தேங்காய் அளவுக்கு இருக்கும். பேச்சு வராது அவருக்கு. நாம வாயைத் திறக்கிற இடத்துல எல்லாம் அவருக்குக் கைதான் போகும். மண்டியில வண்டிக்காரன் மேல போகும், கள்ளுக்கடையில பக்கத்துல உக்காந்தவன் மேல போகும், வீட்டுக்கு வந்தா என் மேல போகும். இதை மறைச்சு எனக்கு என்ன ஆகப் போகுது, சொல்லிட்டேன்.

அப்துல் சுக்கூர் பாய் ரங்கூன்ல மோட்டார் ஓட்டிட்டுத் திரும்பி வந்தவரு. வந்தவரு சும்மா இருக்கலை. ஒரு பழைய செவர்லே வண்டியை வாங்கி, ஆசாரியைக் கூப்பிட்டு அது மேல மரத்துல கூண்டு கட்டி, பெஞ்சு போட்டு, திருச்சியிலேர்ந்து ஸ்ரீரங்கம் வழியா சமயபுரம் வரைக்கும் பஸ்ஸு விடப் போறேன்னாரு. முப்பத்து மூணாம் வருஷம் அது. வண்டியை ஓட்ட அவரே இருந்தாரு. மிச்சத்துக்குத்தான் ஆளு தேடினாரு.

முதல்ல பிடிச்சது கோபு சாமியை. ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பிள்ளை. பரீட்சையில ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம ஆத்தங்கரையில உக்காந்திருந்தவரு. "பாய் ஓட்டுற வண்டியில எங்க தெரு மாமிகள்லாம் ஏறமாட்டா, நான் டிக்கெட் கிழிச்சேன்னா ஏறுவா"ன்னு அவரே போய்ச் சொன்னாராம். சேர்ந்துட்டாரு. அவங்க அப்பா வாசல்லயே நின்னு, "இனிமே இந்தப் படி மிதிக்காதே"ன்னுட்டாரு. சாமி அதுக்கெல்லாம் அசரலை. குடுமியை இறுக்கி முடிஞ்சுகிட்டு ஃபுட்போர்டுல தொத்திக்கிட்டு, "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்! வாங்கோ மாமி, ஏறிக்கோங்கோ, காலை மிதிச்சுக்காதேங்கோ!"ன்னு கத்தினா கோபுரத்துக்கே கேக்கும்.

ஓட்ட ஒரு ஆளு, டிக்கெட்டுக்கு ஒரு ஆளு. இதோட பஸ்ஸு ஓடிடும்னு நீங்க நினைப்பீங்க. அந்தக் காலத்து மெயின்கார்டு கேட் பஸ் ஸ்டாண்டை நீங்க பாக்கலை. வண்டி புறப்பட நேரம் காலம் கிடையாது, ஆளு ரொம்பினாத்தான் எடுப்பாங்க. அதனால ஆளைப் பிடிக்கிறதுதான் தொழிலே. ரத்தினவேல்னு ஒருத்தன், ரெண்டு பஸ்ஸு வெச்சிருந்தான், தடி தடியா ஆறு பேரை ஸ்டாண்டுல நிறுத்தியிருந்தான். ஆத்தாளை இந்த வண்டியில ஏத்தி, இடுப்புப் புள்ளையை அந்த வண்டியில போட்டுக்கிட்டு, "புள்ளை வேணும்னா இங்க வாடி"ம்பானுங்க. பாயிக்கு முன்னாடி ரெண்டு பேரு புது வண்டி விட்டாங்க. ஒருத்தன் வண்டியில தீ வெச்சானுங்க, இன்னொருத்தனுக்குக் காலை ஒடிச்சானுங்க.

பாய் எங்க வீட்டுக்கு வந்தது அப்பதான். வரகனேரியில ஒத்தை அறை எங்களுக்கு. அன்னிக்குச் சாயங்காலம் மண்டியில எம் புருஷன் ஒரு மாட்டு வண்டிக்காரனை ஒரே அறையில சாய்ச்சதைப் பாத்துட்டுப் பின்னாடியே வந்திருக்காரு.

"தங்கச்சி, உம் புருஷனை எனக்குக் குடுக்கிறியா?"ன்னாரு சிரிச்சுக்கிட்டே.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க பாய். திருப்பிக் கொண்டாந்து விடவேணாம்"ன்னேன்.

அவரு வாய்விட்டுச் சிரிச்சாரு. நான் விளக்கு வெளிச்சத்துப் பக்கம் திரும்பினேன். என் இடது கண்ணு வீங்கி மூடிக் கிடந்ததைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. ஒண்ணும் கேக்கலை. கேக்க முடியுமா? அந்தக் கையைத்தானே அவரு வாங்க வந்திருந்தாரு.

முதல் நாளே அடிதடி. கோபு சாமி ரெண்டு மாமியை ஏத்தினாரு. ரத்தினவேல் ஆளு ஒருத்தன் வந்து சாமி குடுமியைப் பிடிச்சு இழுத்து ஸ்டாண்டை ஒட்டின தெப்பக்குளத்துச் சுவர்ல மோதினான். எம் புருஷன் பீடியைக் கீழே போட்டாரு, நடந்து போனாரு, அவன் தாடையில ஒண்ணு குடுத்தாரு. தாடை ஒரு பக்கமா நகந்துடுச்சு. அடுத்தவன் கத்தியை எடுத்தான். கத்தி பிடிச்ச மணிக்கட்டை முறுக்கி அவன் தொடையிலயே இறக்கினாரு. மத்தவனுங்க நின்ன இடத்துலயே நின்னுட்டானுங்க. "வண்டியை எடுங்க பாய்"ன்னாரு, அவ்வளவுதான். அன்னிலேர்ந்து ஒன்றரை வருஷம் அந்த பஸ்ஸு மேல ஒருத்தன் கல்லெறியலை.

வெளியில அடிச்சா வீட்டுல குறையும்னு நான் நினைச்சேன். பைத்தியக்காரி. குறையலை. ஸ்டாண்டுல எல்லாரும் "அண்ணே, அண்ணே"ன்னாங்களா, வீட்டுலயும் அந்த மிதப்பு வந்துச்சு. குழம்புல புளி தூக்கலா இருந்தாக் கூட ஒரு அறை.

முப்பத்தஞ்சாம் வருஷம் மாசியில எங்க செண்பகத்துக்கு அம்மை போட்டுச்சு. நாலு வயசுப் புள்ளை. தெருவுல ஏற்கெனவே மூணு புள்ளைங்களைத் தூக்கியாச்சு. உடம்பு பூரா முத்து, கண்ணுக்குள்ளயும் முத்து. வேப்பிலையில போட்டு வெச்சிருந்தேன். தொட்டா அடுப்புக் கல்லைத் தொட்ட மாதிரி சுடும். எட்டாம் நாளு தண்ணி உள்ள இறங்கலை. கடைவாயில வழிஞ்சுடுச்சு. அவரு வாசப்படியில உக்காந்துக்கிட்டு ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஊரை அடிச்ச கையி, எதை அடிக்கிறதுன்னு தெரியாம கிடந்துச்சு.

நான் வேப்பிலையைக் கையில எடுத்தேன். சமயபுரத்து ஆத்தாவுக்கு நேந்துக்கிறவங்க, தன்கிட்ட இருக்கிறதுல எது பெருசோ அதைக் குடுப்பாங்க. முடியைக் குடுப்பாங்க, தீச்சட்டி எடுப்பாங்க. எங்க வீட்டுல என்ன இருந்துச்சு? அவரு காதுல விழற மாதிரியே சொன்னேன்: "ஆத்தா, எம் புள்ளையை விட்டுடு. பூச்சொரியல்லேர்ந்து நீ பச்சைப் பட்டினி கிடக்கிற இருபத்தெட்டு நாளும், எம் புருஷன் கை எந்த உசுரு மேலயும் ஓங்காது. காப்புக் கட்டி அந்தக் கையை உன்கிட்ட குடுக்கிறேன்."

அவரு தலையைத் தூக்கிப் பாத்தாரு. புள்ளையைப் பாத்தாரு, சரின்னு தலையை ஆட்டினாரு. விடிஞ்சு செண்பகம் தண்ணி கேட்டுச்சு.

பூச்சொரியல் ஞாயித்துக்கிழமை சமயபுரத்துல பூசாரி அவரு வலது மணிக்கட்டுல மஞ்சக் கயித்தைக் கட்டினாரு. அன்னிலேர்ந்து ஒரு வேளைச் சோறு, தாளிக்காத குழம்பு, தரையில படுக்கை. புள்ளைக்கு முதல் தண்ணி ஊத்தியாச்சு, ரெண்டாம் தண்ணியும் ஊத்தியாச்சு. மூணாம் தண்ணி ஊத்தினாத்தான் ஆத்தா முழுசா இறங்கினான்னு அர்த்தம்.

உண்மையைச் சொல்லணும்னா, கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துல நான் பயமில்லாம சோறு பொங்கினது அந்த நாளுங்கள்லதான். ஒரு நாளு கஞ்சியில உப்பு மறந்துட்டேன். கை மேல போச்சு. கயிறு கண்ணுல பட்டதும் அப்படியே நின்னுச்சு. கையை அக்குள்ள இடுக்கிக்கிட்டு, "உப்பு எங்க?"ன்னு கேட்டாரு. வாயால கேட்டாருங்க! நான் உப்பை எடுத்து வெச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போயி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

ஸ்டாண்டுல நிலைமை வேற. மஞ்சக் கயித்தைப் பாத்தாலே தெரியாதா, இவரு விரதம்னு? ஆனா கை ஓங்கக் கூடாதுங்கிறது எப்படியோ ரத்தினவேல் காதுக்குப் போயிடுச்சு. நானேதான் தெருக் குழாயடியில பெருமையா சொல்லியிருப்பேன், வேற யாரு? ஒரு நாளு ஒருத்தன் வந்து எம் புருஷன் தோளை இடிச்சுப் பாத்தான். அவரு நகந்துக்கிட்டாரு. மறுநாள் ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சான். நின்னாரு. அதுக்கு மறுநாள் மூஞ்சியில துப்பினான். துண்டால தொடைச்சுக்கிட்டாரு. அப்புறம் கேக்கணுமா? கோபு சாமியைப் பிடிச்சு ரெண்டு முன்பல்லைத் தட்டினானுங்க. டிக்கெட் பையைப் பிடுங்கித் தெப்பக்குளத்துல எறிஞ்சானுங்க. வண்டியில உக்காந்திருந்த ஒரு செட்டியாரைக் காலைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்ததுல மனுஷன் மண்டை படியில அடிபட்டு உடைஞ்சுது. பாய் பாஞ்சு போனாரு, அவரையும் புரட்டி எடுத்தானுங்க. எம் புருஷன் பக்கத்துலயே நின்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்த நாளுங்கள்ல வீட்டுக்கு வந்தா அவரு உதட்டுல ரத்தம் இருக்கும். யாரும் அடிச்சு வந்ததில்லை, அவரே கடிச்சது.

பாய் ஒரு சாயங்காலம் வந்தாரு. நெத்தியில கட்டு.

"தங்கச்சி, வண்டி இன்னும் நாலு நாளு தாங்காது. ரத்தினவேல் கொளுத்தப் போறேன்னு சொல்லியனுப்பிட்டான். ரங்கூன்ல பன்னண்டு வருஷம் ஒழைச்சது இது. எனக்குத் தெரியாமத்தான் கேக்கிறேன், அம்மனுக்கு ஏதாவது அபராதம் செலுத்திட்டு இதை நடுவுல மாத்திக்க முடியாதா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நோன்பு இருக்கிறப்ப நடுப்பகல்ல பசிச்சா, அபராதம் கட்டிட்டுப் பிரியாணி சாப்பிடுவீங்களா பாய்?"ன்னேன்.

அவரு எழுந்துட்டாரு. "தப்புதான். மன்னிச்சுக்க"ன்னாரு. வேற ஆளைத் தேடுவாருன்னு நினைச்சேன். தேடலை. அந்த ஒண்ணுக்காக அவரை நான் இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இருபதாம் நாளு வெள்ளிக்கிழமை. மறுநாள் செண்பகத்துக்கு மூணாம் தண்ணி. அதுக்குக் கோயில்லேர்ந்து தீர்த்தம் கொண்டாரணும்னு பக்கத்து வீட்டுக்காரியைப் புள்ளைக்குத் துணையா வெச்சுட்டு நானும் பஸ்ஸுல வந்து உக்காந்தேன். வண்டி பூரா மஞ்சப் புடவைப் பொம்பளைங்க, மடியில தேங்காயும் வேப்பிலையும். பாய் முன்னால நின்னு ஹாண்டிலை மாட்டிச் சுத்திக்கிட்டு இருந்தாரு. அந்தக் காலத்து வண்டி, முன்னாடி இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தினாத்தான் உயிரு வரும்.

ரத்தினவேல் அன்னிக்கு ஆளுங்களோட தானே வந்தான். பாயை மாரோட உதைச்சுத் தள்ளிட்டு ஹாண்டிலை உருவிக்கிட்டான். "எங்கடா அந்த மஞ்சக்கயித்துப் பத்தினி?"ன்னான். மூணு பேரு எம் புருஷனைப் பிடிச்சு, முட்டியில உதைச்சு மண்டி போட வெச்சானுங்க. வலது கையை இழுத்து ஃபுட்போர்டு மேல விரிச்சு வெச்சு, ஒருத்தன் முழங்கை மேல ஏறி நின்னுக்கிட்டான்.

அவரு உதறியிருந்தா மூணு பேரும் காவிரியில போயி விழுந்திருப்பானுங்க. எனக்குத் தெரியும், அவனுங்களுக்கும் தெரியும். அவரு நிமிந்து என்னைத்தான் பாத்தாரு. நான் ஃபுட்போர்டுக்கு மேல முதல் பெஞ்சுல, கை எட்டுற தூரத்துல உக்காந்திருக்கேன்.

"புள்ள, சொல்லு. நேந்துக்கிட்டவ நீதானே. ஒரு வார்த்தை சொல்லு, எழுந்துடறேன்"ன்னாரு.

அவரு என்கிட்ட எதையும் கேட்டது அதுக்கு முன்னாடி கிடையாது. வீட்டுல வேப்பிலையில படுத்திருக்கிற புள்ளை ஒரு கண்ணுல தெரியுது. இந்தக் கை என் தலைமுடியைச் சுத்திப் பிடிச்சது இன்னொரு கண்ணுல தெரியுது. ரெண்டும்தாங்க தெரிஞ்சுது. புள்ளை மட்டும்னு சொன்னா ஆத்தா என் நாக்கை அறுப்பா.

"வேணாம்"ன்னேன். பஸ்ஸு பூரா கேக்கிற மாதிரி சொன்னேன்.

அவரு தலையைக் கவுத்துக்கிட்டாரு. ரத்தினவேல் ஹாண்டிலை ஓங்கி இறக்கினான். பச்சைக் கரும்பை முறிக்கிற சத்தம். மறுபடி இறக்கினான். மூணாவது அடியில மஞ்சக் கயிறு ரத்தத்துல முழுகிப் போச்சு.

அப்பத்தான் பஸ்ஸுக்குள்ள ஒரு பொம்பளை அலறினா: "அடப் பாவி! காப்புக் கட்டின கையடா அது!"

ஆத்தாவே பட்டினி கிடக்கிற மாசத்துல, அவ கயிறு கட்டின கையை, அவளைப் பாக்கப் போற பொம்பளைங்க கண்ணு முன்னாடி உடைச்சான் பாருங்க அந்த முட்டாள். முப்பது பேரும் இறங்கிட்டாளுங்க. வேப்பிலைக் கொத்தால அடிச்சவளுங்க, மடியில இருந்த தேங்காயால அடிச்சவளுங்க, நகத்தால கீறினவளுங்க. முழங்கை மேல நின்னவன் காது பிஞ்சு தொங்குச்சு. ஒருத்தன் தெப்பக்குளத்துல குதிச்சுத் தப்பிச்சான். நான் கீழே கிடந்த ஹாண்டிலை எடுத்தேன். என் கையில காப்பு இல்லை. ரத்தினவேல் எழுந்து ஓடப் பாத்தான், முட்டியில போட்டேன். விழுந்தான். விழுந்தவனை இன்னொண்ணு போட்டேன், அதே முட்டியில. கோபு சாமி ஓடியாந்து, "போதும்மா, செத்துடப் போறான், போதும்!"னு ஹாண்டிலைப் பிடுங்கலைன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

போலீஸ் வந்துச்சு. யாரு அடிச்சதுன்னு கேட்டாங்க. "ஆத்தா அடிச்சா"ன்னாளுங்க முப்பது பேரும். ஏட்டு தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாரு. ரத்தினவேல் வண்டியில அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா ஏறலை. சித்திரைத் தேருக்கு முன்னாடியே ரெண்டு வண்டியையும் வித்துட்டு, நொண்டிக்கிட்டே மணப்பாறைப் பக்கம் போயிட்டான். பாய் ரெண்டாவது வண்டி விட்டாரு, மூணாவது விட்டாரு.

செண்பகத்துக்கு மூணாம் தண்ணி ஊத்தினோம். மூஞ்சியில தழும்பு, ஒரு கண்ணு மங்கல். ஆனா உசுரோட இருக்கு. இப்பப் பதினாறு வயசு, என் வாய் அப்படியே இருக்கு அதுக்கு.

இருபத்தெட்டாம் நாளு சமயபுரத்துல காப்பை அவுத்தாரு பூசாரி. எலும்புக் கட்டு போட்டிருந்த மூங்கில் பட்டைக்கு அடியிலேர்ந்து கத்திரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்து கட்டைப் பிரிச்சாரு வைத்தியர். விரலு நாலும் கோணலா ஒட்டியிருந்துச்சு. எம் புருஷன் மடக்கப் பாத்தாரு, மடங்கலை. மறுபடியும் பாத்தாரு. வைத்தியர் போன பிறகு என்னைப் பாத்துக் கேட்டாரு:

"முடி இருந்துச்சு. தீச்சட்டி இருந்துச்சு. ஏன் புள்ள என் கையைக் கேட்டே?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரலை எனக்கு.

"அது ஊரை மட்டும் அடிக்கலையே"ன்னேன்.

இடது கை மேல வந்துச்சு. நான் நகரலை. "அடிங்க. இடது கையை நான் நேந்துக்கலை"ன்னேன். கை அந்தரத்துலயே நின்னுச்சு. செண்பகம் ஓடியாந்து அவரு காலைக் கட்டிக்கிச்சு. கையைக் கீழே போட்டுட்டுச் சுவரைப் பாத்து உக்காந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நான் அழலை.

அப்புறம் அவரு என்னை அடிச்சதில்லை. பன்னண்டு வருஷம் ஆச்சு. பாய் அவரை ஸ்டாண்டுல நேரம் பாக்கிறவரா வெச்சிருக்காரு, விசில் ஊதினா வண்டி கிளம்பும். வீரமலை திருந்திட்டான், பொண்டாட்டி சொல்லைத் தட்டமாட்டான்னு ஊரு பேசுது. திருந்தினாரா, முடியாமப் போச்சான்னு எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. இடது கையால சாப்பிட மாட்டேங்கிறாரு, ஸ்பூன் வாங்கிக் குடுத்தா தூக்கி எறியறாரு. அதனால மூணு வேளையும் நான்தான் பிசைஞ்சு ஊட்டுறேன். வாயைத் திறந்துக்கிட்டு என் கையையே பாத்துக்கிட்டு இருப்பாரு. சில நாளு வேணும்னே கொஞ்ச நேரம் தாமசமா குடுக்கிறேன்.